அத்தானின் செபரத்தினம்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த ஒருவன், திடீரென ரோசாச் செடியைப் பற்றியும் அதனோடு சேர்ந்து படர்கின்ற கொடியொன்றைப் பற்றியும் எழுத உட்கார்ந்தால், இவனுக்கு அரசியல் அலுத்துவிட்டது என்று நண்பர்கள் நினைக்கக்கூடும். அப்படி நினைப்பதில் பெரிய தவறுமில்லை. ஆனால் இந்தக் கதையை நான் எழுத நினைத்ததற்குக் காரணம் அலுப்பு அல்ல. என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ செய்திகளின் மூலத்தைத் தேடி அலைந்திருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை மறுநாளே பழைய கடதாசியாகிப் போயின. இலண்டன் மாநகரின் வடமேற்கே, ஹரோவில் உள்ள என் அக்கா வீட்டுப் பின்வளவில் நான் கண்டுபிடித்த ஒரு பெயர் மட்டும் இன்றுவரை வேர்விட்டு நிற்கின்றது.

அக்கா 1980களின் பிற்பகுதியில் திருமணமாகி இலண்டன் போனவர். அத்தான் தபால் சேவையில் நீண்ட காலம் வேலை பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். ஊரில் தோட்டம் செய்த குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், இலண்டன் வீட்டின் பின்னால் இருந்த ஒடுங்கலான நிலத்துண்டையும் அவர் சும்மா விடவில்லை. கோடையில் மிளகாயும் தக்காளியும் வைப்பார். வேலியோரமாக மட்டும் ஒரு ரோசாவும் அதன்மேல் ஊதாப்பூக் கொடியொன்றும் இருந்தன. அவை இரண்டும் அவருடைய தனிப்பட்ட விவகாரம். அவற்றில் அக்கா கைவைத்ததில்லை.

2021 தை மாதத்தில், கொரோனா இங்கிலாந்தை உலுக்கிக்கொண்டிருந்த நாட்களில், அத்தான் காலமானார். கொழும்பிலிருந்து போகும் நிலையில் நான் இருக்கவில்லை. இறுதிக் கிரியைகளைக் கணினித் திரையில் பார்த்தேன். அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்று தோளைத் தொட முடியாத அந்த ஒரு மணி நேரத்தை நான் மறப்பதற்கில்லை. அதற்கடுத்த ஆண்டு, 2022 பெப்ரவரி 18 ஆம் திகதி, யூனிஸ் என்ற புயல் இங்கிலாந்தின் தென்பகுதியைத் தாக்கியது. வைற் தீவின் முனையில் மணிக்கு 122 மைல் வேகம் பதிவானது. இலண்டன் ஓ2 அரங்கின் கூரைத் துணி கிழிந்து பறந்ததை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதே நாளில்தான் அக்கா வீட்டுப் பலகை வேலியும் தூண்களோடு சரிந்து விழுந்தது. வேலியோடு அத்தானின் ரோசாவும் அடியோடு முறிந்தது. கொடியின் வேர் இருந்த இடத்தைப் பின்னர் தூண் நாட்ட வந்தவர்கள் தோண்டிக் கொத்தி எறிந்துவிட்டார்கள்.

நான் அங்கு போய்ச் சேர்ந்தது 2022 நவம்பரில். இங்கே எரிபொருள் வரிசைகளில் நின்று களைத்த ஆண்டு அது. புதிய வேலி அதற்குள் எழுந்துவிட்டது. சீமெந்துத் தூண்களுக்கிடையே புதுப் பலகைகள், ஆறடி உயரத்தில், ஒரு பச்சை இலைகூட இல்லாமல் வெறுமையாக நின்றன. வேலி பக்கத்து வீட்டுக்காரருக்கு உரியது. அவர் தனியாக வாழும் ஓர் ஆங்கிலேய மூதாட்டி. இங்கிலாந்தில் இடப்புற வேலி வீட்டுக்காரருக்குரியது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியொரு பொது விதி கிடையாது. யாருடைய வேலி என்பதைக் காணி உறுதியைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த மூதாட்டி தன் செலவிலேயே வேலியைப் போட்டுவிட்டு, அக்காவின் கதவுத் துவாரத்தினூடாக ஒரு கடிதமும் போட்டிருந்தார். வேலி தன்னுடையதென்றாலும் அதில் பூத்த பூ உங்கள் கணவருடையது, மறுபடி என்ன நடப்போகிறீர்கள் என்று சொன்னால் அதற்கேற்பக் கம்பி இழுக்க ஆட்சேபமில்லை என்பது அதன் சாரம்.

அக்கடிதத்தை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர் வேலி நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு வேலி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால்களாக நின்று, கிடுகோ பனையோலையோ வரிந்து கட்டப்பட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்ற அந்த வேலிகள் எத்தனை குடும்பங்களை நீதிமன்ற வாசலுக்கு இழுத்திருக்கின்றன! எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு கதியால் வரிசை அரை முழம் நகர்ந்ததா இல்லையா என்ற விவகாரத்தில் பதினொரு ஆண்டுகள் முகம் பார்த்துப் பேசவில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, சாவகச்சேரியில் ஒரே மாமரத்தின் கீழ் இரண்டு குடும்பங்களும் சமைத்துச் சாப்பிட்டதோடுதான் அந்தப் பகை முடிந்தது. மறு ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது, வழக்குக்குரிய வேலியே அங்கு இருக்கவில்லை.

வேலி பற்றிய இந்த நினைவுகளோடு நான் நின்றிருக்க, மருமகள் தன் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள். அக்காவின் ஒரே மகள். வைத்தியசாலையொன்றில் கணக்காளராக இருக்கிறாள். எதையும் அட்டவணை போடாமல் செய்யமாட்டாள். “மாமா, அம்மா வேலியிலை திரும்பவும் ரோசா வைக்கவேணும் எண்டு நிக்கிறா. எந்த ரோசா எண்டு ஆருக்கும் தெரியாது. நீங்கள் பேப்பர்காரர்தானே, கண்டுபிடியுங்கோ” என்றாள். அன்றிலிருந்து ஒரு வாரம் ரோசாவும் கிளெமற்றிஸும்தான் எங்கள் உணவு மேசைப் பேச்சு.

கிளெமற்றிஸ் என்பதுதான் அந்த ஊதாப்பூக் கொடியின் பெயர். ஆங்கிலேயத் தோட்டங்களில் ரோசாவுக்கு அதைவிடப் பொருத்தமான துணை வேறில்லை என்பார்கள். பெயரைக் கேட்டு அந்நியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். எங்கள் நாட்டிலும் அதன் உறவினர் இருக்கிறார்கள். சிங்களத்தில் நரவெல் என வழங்கும் காட்டுக்கொடிக்கு அச்சொல்லிலிருந்தே நரவேலியா என்று தாவரவியலாளர் பெயரிட்டார்கள். இப்போது அதையும் கிளெமற்றிஸ் இனத்துக்குள்ளேயே சேர்த்து, இலங்கையின் பெயரைத் தாங்கிய சிலானிக்கா என்று குறிக்கிறார்கள். பேராதனையில் படித்த காலத்தில் ஹக்கல தாவரவியற் பூங்காவுக்குப் போய் ரோசாக்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ரோசாவையும் கொடியையும் ஒரே கம்பியில் ஏற்றி வளர்க்கும் கலையை அன்று கவனித்ததில்லை.

அந்தக் கலையில் முதலாவதாக அறிய வேண்டியது, ஏறும் ரோசாக்களில் இரண்டு சாதி உண்டு என்பது. ஒன்று ராம்ப்ளர். ஆண்டுக்கு ஒரு தடவை, யூன் மாதத்தில், கொத்துக் கொத்தாகப் பூத்து ஓய்ந்துவிடும். அவற்றுட் பல பெரும் மூர்க்கத்தோடு வளர்பவை. குளொஸ்ரர்ஷயரின் கிஃப்ற்ஸ்கேற் தோட்டத்தில் உள்ள, அத்தோட்டத்தின் பெயரையே தாங்கிய ரோசா பெரிய மரத்தையே மூடிவிட்டது. ஆறடி வேலிக்கு அது பூனைக்குட்டி கேட்டவன் வீட்டில் புலிக்குட்டியை விட்ட கதை. மற்றது கிளைம்பர். தண்டு சற்று விறைப்பானது, ஆனால் கோடை முழுவதும் விட்டுவிட்டுப் பூப்பது. வேலிக்கு இதுதான் ஏற்றது.

இரண்டாவது, அதை நட்டுவிட்டு மேலே போக விடக்கூடாது. நேராக மேலே வளரும் தண்டில் உச்சியில் மட்டுமே பூ வரும். அடிப்பகுதி வெறும் தடியாக நிற்கும். அதே தண்டை வளைத்துக் கிடையாகக் கம்பியில் கட்டினால், அதன் நீளம் முழுவதும் ஒவ்வொரு கணுவிலிருந்தும் சிறு கிளை எழுந்து பூக்கும். ஆகவே வேலியில் ஒன்றரை அடிக்கு ஒரு கம்பியாகக் கிடையாக இழுத்து, தண்டுகளை விசிறிபோல விரித்துக் கட்ட வேண்டும். உயரத்துக்குப் போக வேண்டிய பலத்தைப் பக்கவாட்டில் திருப்புவதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

மூன்றாவதும் முக்கியமானதும், கொடியைத் தெரிவது. கிளெமற்றிஸில் மூன்று பிரிவுகளைச் சொல்கிறார்கள். பிரிப்பு பூவின் நிறத்தை வைத்து அல்ல, வெட்டும் காலத்தை வைத்து. வசந்தத்தில் பூப்பவை முதற்பிரிவு. அவை சென்ற ஆண்டுத் தண்டில் பூப்பதால், பூத்து முடிந்த பின்னரே வெட்டலாம். மே, யூன் மாதங்களில் தட்டுப்போலப் பெரிய பூப் பூப்பவை இரண்டாம் பிரிவு. அவற்றையும் இலேசாகத்தான் வெட்ட வேண்டும். கோடையின் நடுவிலிருந்து புதுத் தண்டில் பூப்பவை மூன்றாம் பிரிவு. அவற்றைப் பெப்ரவரி, மார்ச்சில் நிலத்திலிருந்து ஓரடி விட்டு மொட்டையாக வெட்டிவிடலாம்.

ரோசாவுக்குத் துணையாக மூன்றாம் பிரிவையே ஏன் சொல்கிறார்கள் என்பது இங்கேதான் விளங்குகிறது. ஏறும் ரோசாவை வெட்டித் திருத்துவது குளிர்காலத்தில். முதற்பிரிவுக் கொடியொன்று அதன்மேல் பின்னிக் கிடந்தால், ரோசாவில் கத்தியை வைக்க முடியாது. வைத்தால் கொடியின் மொட்டுகள் போய்விடும். மூன்றாம் பிரிவாயின் முதலில் கொடியை அடியோடு வெட்டி, காய்ந்த தண்டுகளை உருவி எடுத்துவிட்டு, பின்னர் ரோசாவை ஆறுதலாகத் திருத்தலாம். இரண்டின் நாட்காட்டியும் ஒத்துப்போகின்றன. பலமும் ஒத்துப்போக வேண்டும். மருமகள் படத்தைப் பார்த்து மயங்கிய மொன்ரானா என்னும் வசந்தக் கொடி இருபத்தைந்து, முப்பது அடி போகக்கூடியது. அதை ஏற்றினால் இரண்டு ஆண்டில் ரோசா எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

இந்த விதிகளை வைத்துக்கொண்டு மருமகள் ஒரு பட்டியல் போட்டாள். முதலில் ‘நியூ டோன்’. 1930 இல் வெளிவந்த வெளிர் இளஞ்சிவப்பு ரோசா. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஒரு தாவரத்துக்கு வழங்கப்பட்ட முதலாவது காப்புரிமையைப் பெற்றது. நோய் எளிதில் அண்டாது. ஆனால் முள் பொல்லாதது. அக்காவின் விரல் மூட்டுகளில் வாதம் ஏறியிருக்கிறது. அவரால் அதோடு மல்லுக்கட்ட முடியாது என்று அதை வெட்டினோம்.

அடுத்தது ‘மடம் அல்ஃபிரெட் கரியேர்’. 1879 இன் பிரெஞ்சு ரோசா. மணமுள்ளது, முள் மிகக் குறைவு, நிழலையும் பொறுக்கும். எழுத்தாளர் விற்றா சக்வில் வெஸ்ற் 1930 இல் கென்ற் மாவட்டத்தின் சிசிங்ஹேர்ஸ்ற் மாளிகையை வாங்கியபோது, உறுதி எழுதி முடியுமுன்பே தென் குடிலின் சுவரில் நட்டது இதைத்தான். அவர் ‘ஒப்சேவர்’ பத்திரிகையில் நெடுங்காலம் வாராவாரம் தோட்டப் பத்தி எழுதியவர். தொழில்முறைப் பாசத்தால் நான் உடனே இதற்கு வாக்களித்தேன். மருமகளும் சம்மதித்தாள். வெண்மையான பூவின்மேல் கருஊதாக் கொடி எவ்வளவு அழகாக இருக்கும் என்று கணினியில் படத்தையும் காட்டினாள்.

அக்கா படத்தைப் பார்த்தார். “நல்ல வடிவுதான்” என்றார். சற்று நேரம் கழித்து, தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பும்போது, “வெள்ளை வேண்டாம் தம்பி” என்றார்.

மருமகளுக்கு அது விளங்கவில்லை. அவள் அங்கே பிறந்து வளர்ந்தவள். நான் உடனே விளங்கிக்கொண்டேன். எங்கள் அம்மம்மா தன் முப்பத்தைந்தாவது வயதிலிருந்து சாகும்வரை வெள்ளைச் சேலையோடுதான் இருந்தார். அக்கா அவர் மடியில் வளர்ந்தவர். அத்தானின் அந்தியேட்டிக்குப் பிறகும் அக்கா நிறச் சேலைகளே உடுத்து வந்தார். அதற்காகச் சில உறவுக்காரப் பெண்களின் பேச்சையும் வாங்கியிருந்தார் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிய வந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் குசினி யன்னலைத் திறந்தால் தெரியப்போகும் நிறத்தைத் தெரியும் உரிமை அவருடையது. சக்வில் வெஸ்ற் அம்மையாருக்கு இதில் வாக்குரிமை கிடையாது.

ஆக, அத்தான் வைத்திருந்த ரோசா எது என்ற கேள்விக்கே திரும்பி வந்தோம். பெயர் அட்டை எதுவும் இல்லை. அத்தான் குறிப்பு எழுதி வைக்கும் பழக்கமில்லாதவர். எனக்குக் கிடைத்த சான்றுகள் மூன்று. முதலாவது, அத்தானின் அறுபதாவது பிறந்தநாளில், யூன் மாதத்தில் எடுத்த ஒரு புகைப்படம். இருவருக்கும் பின்னால் கடும் இளஞ்சிவப்பில் பூக்கள். இரண்டாவது, பூ ஒக்டோபர் வரை இருக்கும், மணம் குசினி வரை வரும் என்ற அக்காவின் சாட்சியம். மூன்றாவது, கொட்டிலின் மூலையில் அக்கா எறியாமல் வைத்திருந்த இரண்டு காய்ந்த தண்டுகள். அவற்றை நான் கையால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தேன். ஒரு முள் இல்லை.

முள்ளில்லாத ரோசா! பேராதனை விடுதியில் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய இரவுகளில் அகதா கிறிஸ்ரியைப் படித்த பாவம் அன்று எனக்குப் புண்ணியமாக மாறியது. 1940 இல் வெளிவந்த அவருடைய ‘சாட் சைப்ரஸ்’ நாவலில், ஒரு பாத்திரம் தன் கையிலுள்ள காயம் ரோசா முள் குத்தியதால் வந்தது என்று சொல்லும். அங்கே நின்ற ரோசாவோ முள்ளே இல்லாத ‘செபிரின் துறுவான்’. துப்பறியும் புவாரோ அந்தப் பொய்யில் பிடித்துத்தான் முடிச்சை அவிழ்ப்பார். ஆனால் முள்ளில்லாத ஏறும் ரோசா அது ஒன்று மட்டுமல்ல. பாங்சியா என்ற மஞ்சள் ரோசா உண்டு. அது வசந்தத்தோடு முடிந்துவிடும். செபிரினின் கிளையிலிருந்து தற்செயலாகத் தோன்றிய ‘கத்லீன் ஹரப்’ உண்டு. அது வெளிறிய நிறம். புகைப்படத்திலிருந்தது கடும் நிறம். ஒரு செய்தியை இரண்டு மூலங்களில் உறுதிப்படுத்தாமல் போடாதே என்று என் முதல் ஆசிரியர் சொல்லித் தந்திருந்தார். அதனால் சந்தேகத்தோடுதான் அன்றிரவு மேசையில் சொன்னேன்:

“அக்கா, அது செபிரின் எண்ட ரோசாவாய் இருக்கலாம்.”

அக்காவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. “என்னெண்டு சொன்னனீ?”

“செபிரின்.”

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே அழுதார். விடயம் இதுதான். அத்தான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன், “செபரத்தினத்தைப் பாத்திட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுப் பின்வளவுக்குப் போவாராம். ஆவணி மாதங்களில், “செபரத்தினத்துக்குச் சுகமில்லை” என்பாராம். வேலையிடத்திலோ பக்கத்துத் தெருவிலோ உள்ள யாரோ ஒரு செபரத்தினத்தோடு அவர் வேலிக்கு அப்பால் நின்று கதைக்கிறார் என்று அக்கா முதல் சில ஆண்டுகள் நினைத்திருந்தார். பின்னர் அது அவருடைய ஏதோ பகிடி என்று விட்டுவிட்டார். என்ன பகிடி என்று கேட்கவில்லை. “கேட்டிருக்கலாம். கேக்காமலே விட்டிட்டன்” என்றார். பிரெஞ்சுப் பெயர் நாவில் நிற்காத ஒரு வடமராட்சிக்காரர், அதற்கு ஊர்ப்பெயர் வைத்து முப்பது வருடங்கள் அழைத்திருக்கிறார். எனக்கு இரண்டாவது மூலம் கிடைத்துவிட்டது.

அந்த ரோசாவின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது இன்னொரு வியப்பு காத்திருந்தது. செபிரின் 1868 இல் பிரான்சில் உருவானது. அது பூர்பொன் குலத்தைச் சேர்ந்தது. அந்தக் குலத்தின் தாயகம் ஐரோப்பா அல்ல, எங்கள் இந்து சமுத்திரம். இன்று றீயூனியன் என்றும் அன்று பூர்பொன் என்றும் பெயர்பெற்ற தீவில் குடியானவர்கள் தங்கள் காணி எல்லையில் ரோசாக்களையே வேலியாக நட்டு வந்தார்கள். கீழைத்தேயச் சீன ரோசாவும் மேலைத்தேய டமஸ்க் ரோசாவும் ஒரே வேலியில் அடுத்தடுத்து நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவை இரண்டும் கலந்து பிறந்த புதுச் செடியொன்று கவனிக்கப்பட்டு, பாரிசுக்கு அனுப்பப்பட்டது. அதன் வழிவந்தவைதான் பூர்பொன் ரோசாக்கள். வேலியில் பிறந்த குலம் அது.

பெயர் தெரிந்ததும் பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. மருமகளின் அட்டவணை குறுக்கே வந்தது. செபிரினுக்கு முள்ளில்லை, மணமுண்டு, கோடை முழுவதும் பூக்கும். ஆனால் கரும்புள்ளி நோயும் சாம்பல் பூஞ்சணமும் அதைத் தேடி வரும். ஆவணியில் இலைகளில் கறுப்புப் பொட்டு விழும், பின் மஞ்சளாகும், பின் கொட்டும். தண்டு நிர்வாணமாக நிற்கும். அத்தானின் “செபரத்தினத்துக்குச் சுகமில்லை” என்பதன் பொருள் அதுதான். அவர் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி எடுப்பார், மருந்து தெளிப்பார். “இதை ஆர் அம்மா இனிப் பாக்கிறது? நோயில்லாத புது ரோசா எத்தனை இருக்கு” என்று மருமகள் கேட்டதில் நியாயம் இருந்தது. அக்கா பதில் சொல்லவில்லை. நானும் நடுநிலை வகித்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்காவே அதற்கு விடை சொன்னார். தோட்டக்கலை படித்துச் சொன்னதல்ல, குசினி யன்னலினூடாக முப்பது வருடங்கள் பார்த்துச் சொன்னது. “அவற்றை ரோசா கெட்டுப் போறது ஆவணியிலை. ஆனா ஆவணியிலை நான் யன்னலாலை பாக்கேக்கை அந்தத் தடியளை ஒருநாளும் கண்டதில்லை. ஊதாப்பூத்தான் தெரியும்.”

கொடியை ஏன் துணைக்கு வைப்பது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் காணவில்லை. செபிரின் யூனில் முதற்பூப் பூத்து ஓயும்போது, மூன்றாம் பிரிவுக் கொடி மேலேறி யூலையில் பூக்கத் தொடங்குகின்றது. ரோசா இலை இழந்து நிற்கும் நாட்களில் கொடியின் இலையும் பூவும் அதை மூடிக்கொள்கின்றன. ரோசா கொடிக்கு ஏணியாகிறது, கொடி ரோசாவுக்குப் போர்வையாகிறது. நோய் இல்லாமல் போய்விடாது. விழும் இலையைப் பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் குறையுள்ள ரோசாவைத் தள்ளிவிடத் தேவையில்லை. அந்தக் குறையின் காலத்தில் பூக்கின்ற துணையைத் தெரிந்தால் போதும். இலை பொறுக்கும் வேலையைச் சனிக்கிழமைகளில் தான் செய்வதாக மருமகள் ஒப்புக்கொண்டாள். தன் அட்டவணையில் அதற்கும் ஒரு நிரல் போட்டுக்கொண்டாள்.

கொடிக்கு ‘எத்துவால் வியொலெற்’ என்பதைத் தெரிந்தோம். விற்றிசெல்லா வகையைச் சேர்ந்தது. 1885 இல் பிரான்சின் மொறெல் என்பவர் உருவாக்கியது. கருஊதா இதழ், நடுவில் வெளிர்மஞ்சள் மகரந்தம். பெரும்பூக் கிளெமற்றிஸ்களைத் திடீரென வாட்டிக் கொல்லும் நோய் இவ்வகையை இலகுவில் தொடுவதில்லை. அத்தான் வைத்திருந்ததும் இதுதானா என்பதற்கு என்னிடம் ஒரு மூலம்கூட இல்லை. ஒவ்வொரு மாசியிலும் முழங்காலளவுக்கு வெட்டுவார் என்ற அக்காவின் நினைவு மட்டும் மூன்றாம் பிரிவு என்பதை உறுதி செய்தது.

செபிரினை நவம்பர் இறுதியில், நான் நாடு திரும்ப நான்கு நாட்கள் இருக்கையில் நட்டோம். இலையுதிர்ந்து உறங்கும் காலத்தில் மண்ணில்லாமல் வெறும் வேரோடு விற்கும் கன்று அது. விலையும் குறைவு. பழைய ரோசா நின்ற அதே குழியில் புதிய ரோசாவை வைக்கக்கூடாது என்பது ஒரு பழைய விதி. ஒரு ரோசா நெடுங்காலம் நின்ற மண்ணில் அடுத்த ரோசா தேறாது. மண்ணை அகலமாகத் தோண்டி மாற்ற வேண்டும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும். அக்கா முதலில் அதே இடத்தில்தான் என்று நின்றார். கடைசியில் ஐந்தடி தள்ளி, யன்னலுக்கு நேரே வைக்கச் சம்மதித்தார். வேலியின் அடியில் மழைநீர் சரியாக விழாது என்பதால், வேலியிலிருந்து ஒன்றரை அடி விலத்திக் குழி வெட்டி, கன்றை வேலிப்பக்கமாகச் சாய்த்து வைத்தோம். ஹரோவின் களிமண் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டது. கம்பி இழுக்கும்போது பக்கத்து வீட்டு மூதாட்டி தேநீரோடு வந்து நின்றார். அவருக்கு அத்தானைப் பற்றிச் சொல்ல இருந்த கதைகளை அக்கா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

கொடியை உடனே நடவில்லை. ரோசா காலூன்றுமுன் கொடியை ஏற்றினால் ஏணியே முறிந்துவிடும். இரண்டு கோடை பொறுத்து, 2024 இன் இலையுதிர் காலத்தில் மருமகள் அதை நட்டாள். ரோசாவின் வேரோடு போட்டி போடாதபடி மூன்றடி தள்ளி, சாடியில் இருந்ததைவிட மூன்று விரல் ஆழமாக, அடிமண் வெயில் படாமல் ஓர் ஓட்டுத்துண்டால் மறைத்து. கிளெமற்றிஸுக்குத் தலை வெயிலிலும் கால் நிழலிலும் இருக்க வேண்டும். மேலே எவ்வளவு பின்னிக்கொண்டாலும், கீழே அததற்கு உரிய மண்ணும் தண்ணீரும் தனித்தனியே வேண்டும்.

2025 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தொலைபேசியில் அழைத்தார். ஊர்ப் புதினம், உடல் நலம் எல்லாம் முடிந்த பின் சொன்னார்:

“செபரத்தினத்துக்கு இலை கொட்டத் தொடங்கிட்டுது. யன்னலாலை பாத்தால் தெரியேல்லை. ஊதா ஏறிட்டுது, முழுக்க இல்லை, அரைவாசிதான். ரெண்டு கொடி வேலிக்கு மேலாலை அங்காலையும் போட்டுது. பக்கத்து வீட்டு மனுசி நேற்றுக் கேட்டா, தன்ரை பக்கம் வந்ததை வெட்டட்டோ எண்டு.”

எங்கள் ஊராக இருந்தால் அந்தக் கேள்வியே கேட்கப்பட்டிராது. “நீங்கள் என்ன சொன்னீங்கள்?” என்றேன்.

“இப்ப வெட்டாதேங்கோ, பூக்கட்டும். மாசியிலை ரெண்டு பேரும் சேர்ந்து வெட்டுவம் எண்டு சொன்னன்.”